வேலை பாதியில் நின்றுவிட்டால்

லிண்டல் மட்டம் வரை கட்டடம் எழும்பியிருக்கும். அடுத்தது ரூஃப். அந்த வாரத்திலிருந்து ஆள் வரத்து குறையத் தொடங்கும். "கம்பி லோடு வரலை சார்", "சென்ட்ரிங் ஆளுங்க ஊருக்குப் போயிருக்காங்க சார்" என்று சில நாட்கள் ஓடும். அப்புறம் காண்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். நேரில் பிடித்துக் கேட்டால், "நீங்க சொன்ன எக்ஸ்ட்ரா வேலைக்கே மூணு லட்சம் நிக்குது. அதைக் குடுங்க, நாளைக்கே ஆள் இறக்குறேன்" என்பார். வீட்டுக்காரர் கணக்கில் கொடுத்தது அதிகம், காண்ட்ராக்டர் கணக்கில் வாங்கியது குறைவு. இருவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லாமலே இந்த நிலை வரும். எந்த வேலை வரை எந்தப் பணம் என்பதை இருவரும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

சொந்த மனையில், சதுர அடி ரேட்டுக்குக் காண்ட்ராக்ட் விட்டு வீடு கட்டுபவர்களுக்காக எழுதப்பட்ட அத்தியாயம் இது. அடுக்ககத்தில் வீடு வாங்கியவர்களின் வழி வேறு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, விற்பதற்காகக் கட்டும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டித்தரும் காண்ட்ராக்டர் அதற்குள் வரமாட்டார். இது தெரியாமல் ரெரா ஆணையத்துக்கு மனு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் நல்ல நாட்கள் வீணாகும். உங்களுக்குத் துணை நிற்பவை மூன்று சட்டங்கள்: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

இந்த வழக்குகளில் நியாயம் கையில் இருந்தும் தோற்பவர்கள் பெரும்பாலும் வரிசை தப்பியவர்கள். அளவெடுக்காமல் அடுத்த ஆளை இறக்கியிருப்பார்கள். அறிவிப்பு அனுப்பாமல் செலவு செய்திருப்பார்கள். ஆகவே எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு

வேலை நின்ற கோபத்தில் மறுநாளே வேறொரு மேஸ்திரியைக் கூட்டிவந்து நிறுத்துவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பழைய சுவரின் மேல் புதியவர் இரண்டு வரிசை செங்கல் வைத்துவிட்டால், முதல் ஆள் எதுவரை கட்டினார் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இராது.

கூட்டு அளவீட்டுக்கு ஒரு தேதியும் நேரமும் குறித்து, காண்ட்ராக்டரை எழுத்தில் அழையுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒன்று, தபாலில் ஒன்று. அவர் வந்தால் இருவரும் சேர்ந்து அளந்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். வராவிட்டால் அதையும் குறித்துவிட்டு, உங்களுக்கு உறவோ கடனோ இல்லாத ஒரு பொறியாளரை வைத்து, அக்கம்பக்கத்தார் இருவர் முன்னிலையில் அளவெடுங்கள். "சுவர் வேலை முடிந்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. ஹால் வடக்குச் சுவர் 9 அங்குலக் கனம், 16 அடி நீளம், பேஸ்மென்ட் மட்டத்திலிருந்து 7 அடி உயரம் என்று சுவர் சுவராக எழுத வேண்டும். தூண்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் குறியுங்கள். அளவு நாடா தெரியும்படி படம் எடுங்கள். கட்டட வேலைகளை அளப்பதற்கென்றே ஐஎஸ் 1200 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதன்படி அளந்ததாகப் பொறியாளரின் அறிக்கை சொன்னால், எதிர்த்தரப்பு அளக்கும் முறையில் குறை பிடிப்பது கடினம்.

மனையில் கிடக்கும் பொருட்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். எத்தனை மூட்டை சிமென்ட், அவற்றில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரம், எத்தனை யூனிட் எம்-சாண்ட், எவ்வளவு கம்பி என்று எல்லாமே அதில் வர வேண்டும். பல மனைகளில் சென்ட்ரிங் தகடுகளும் சவுக்குக் கட்டைகளும் காண்ட்ராக்டருடையவை அல்லது அவர் வாடகைக்கு எடுத்தவை. பணம் வரும்வரை அவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று பூட்டி வைத்தால், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் போலீஸ் புகாராகத் திரும்பும். பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

வங்கிக் கடனில் கட்டுகிறீர்கள் என்றால் உங்களிடம் இன்னொரு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒவ்வொரு தவணையை விடுவிக்கும் முன்பும் வங்கி அனுப்பிய பொறியாளர், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருப்பார். உங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் எழுதிய, தேதியிட்ட ஆவணம் அது. கிளையில் எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள்.

திறந்து கிடக்கும் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி, மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புதான். ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, நட்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைக்கப் பாதிக்கப்பட்டவருக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஓராண்டு துருப்பிடிக்க விட்டுவிட்டு மொத்தக் கம்பிக்கும் பணம் கேட்டால் கிடைக்காது. பாதுகாத்த செலவுக்கு ரசீது இருந்தால் அது கிடைக்கும்.

யாருக்கு யார் பாக்கி

1,200 சதுர அடி வீடு, மெட்டீரியலோடு சதுர அடி 2,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகை 27.60 லட்சம். இதுவரை 20 லட்சம் கொடுத்தாயிற்று, வேலை லிண்டலில் நிற்கிறது. மீதி வேலையை முடிக்க அடுத்த காண்ட்ராக்டர் 15.40 லட்சம் கேட்கிறார். உங்கள் நட்டம் எவ்வளவு?

"15.40 லட்சம்" என்று வழக்கு போடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய ஆளே முடித்திருந்தாலும் நீங்கள் இன்னும் 7.60 லட்சம் கொடுத்திருப்பீர்கள் அல்லவா? அதைக் கழித்தால் வருவது 7.80 லட்சம். அதுதான் கேட்க வேண்டிய தொகை. அதனுடன் தாமதத்தால் கூடுதலாகக் கொடுத்த வாடகையையும் சேர்க்கலாம். அளவுக்கு மேல் கேட்கும் மனு நீதிபதிக்கு முதல் பக்கத்திலேயே சந்தேகத்தைக் கிளப்பும்.

இதே கணக்கைக் காண்ட்ராக்டர் வேறு மாதிரி போடுவார். "1,200 இல்லை சார், 1,340" என்பார். போர்டிகோ, மாடிப்படி ஹெட்ரூம், பால்கனி எல்லாம் அவருடைய அளவில் சேர்ந்திருக்கும். 140 சதுர அடி வித்தியாசத்துக்கு 3.22 லட்சம். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் ஆகியவை ரேட்டுக்குள் அடங்குமா என்பதிலும் இதே சிக்கல். சதுர அடிக்கு எதெல்லாம் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தால் இது எழவே எழாது. எழுதவில்லை என்றால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உள்ள பரப்பளவு, காண்ட்ராக்டர் முதலில் கொடுத்த கொட்டேஷன், அதுவரை பணம் கொடுத்து வாங்கிய முறை ஆகிய மூன்றையும் வைத்துத்தான் எது பேசப்பட்டது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரும்.

எக்ஸ்ட்ரா வேலைதான் இதைவிடக் கசப்பானது. மனையைப் பார்க்க வந்த மாமியார் "பூஜை ரூமை அந்தப் பக்கம் வெச்சா நல்லது" என்கிறார். மேஸ்திரி சுவரை இடித்து மாற்றுகிறார். யாரும் விலை பேசுவதில்லை. "எழுத்தில் இல்லை, அதனால் கொடுக்க மாட்டேன்" என்று பிறகு சொன்னால் அது நிற்குமா? பெரும்பாலும் நிற்காது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அங்கே முறையான ஒப்பந்தமே இல்லை. ஆனாலும் கட்டிக் கொடுத்ததை அரசு ஏற்றுப் பயன்படுத்தியதால் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. எனவே எக்ஸ்ட்ராவை மொத்தமாக மறுக்காதீர்கள். எது கேட்டுச் செய்தது, எது அவர் செய்த தவறைத் திருத்தியது என்று பிரித்து, கேட்டுச் செய்ததற்கு நியாயமான விலையை நீங்களே கணக்கில் காட்டுங்கள். அந்த நேர்மை மற்ற இடங்களில் உங்கள் சொல்லுக்கு எடை கூட்டும்.

ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லாமல் திண்டாடுவோர் நிறையப் பேர். வங்கியிலிருந்து பணம் எடுத்த தேதி, அன்றே அனுப்பிய "இரண்டு கொடுத்தாச்சு" என்ற செய்தி, மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் இருக்கும் குறிப்பு எல்லாம் சேர்ந்து ஓரளவு நிரூபிக்கும். வாட்ஸ்ஆப் உரையாடல் செல்லும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். சர்ச்சை முடியும்வரை அந்தப் போனை மாற்றாதீர்கள், எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

முப்பது நாள் அறிவிப்பு

2018ஆம் ஆண்டின் திருத்தம் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 20ஆம் பிரிவை முழுதாக மாற்றி எழுதியது. வீடு கட்டுவோருக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு வேறில்லை என்பது என் கருத்து. ஒப்பந்தத்தை மீறியவர் செய்யாத வேலையை வேறொருவரை வைத்து முடித்துக்கொண்டு, ஆன செலவை அவரிடமே வசூலிக்கும் உரிமையை அது தருகிறது. நீதிமன்றம் போய் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அதன்பின் வேலையை உண்மையாகவே வேறு ஆளை வைத்து முடித்திருக்க வேண்டும். மதிப்பீட்டை மட்டும் காட்டி இந்தப் பிரிவின்கீழ் செலவைக் கேட்க முடியாது.

அறிவிப்பை வக்கீல் வைத்து அனுப்பினால் நல்லது. நீங்களே எழுதினாலும் செல்லும். வசை வேண்டாம், கதை வேண்டாம். இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் நாம் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இன்ன முகவரியில் என் வீட்டைக் கட்டித்தர நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். இதுவரை ரூ. 20,00,000 பெற்றுள்ளீர்கள். இன்ன தேதி முதல் வேலை நிறுத்தப்பட்டுள்ளது. இன்ன தேதியில் எடுக்கப்பட்ட அளவீட்டின் நகலை இணைத்துள்ளேன். இந்த அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் வேலையைத் தொடங்கி, ஒப்பந்தப்படி முடித்துத்தரக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மீதி வேலையை வேறொருவரைக் கொண்டு முடித்து, அதனால் ஏற்படும் கூடுதல் செலவையும் தாமதத்தால் ஏற்பட்ட நட்டத்தையும் உங்களிடமிருந்து வசூலிப்பேன்."

பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பி அவர் மறுத்தார் என்றால், அறிவிப்பு சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்ற கேள்வி வரும்.

முப்பது நாளுக்குள் அவர் மறுபடி ஆள் இறக்கினால்? மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு கடிதமும் கொடுங்கள். கெடு முக்கியம் என்று ஒப்பந்தம் இருந்து, கெடு தாண்டிய வேலையை நீங்கள் பேசாமல் ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்கான நட்டத்தைப் பிறகு கேட்க முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கும் நேரத்திலேயே "தாமத நட்டத்தைக் கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டு ஏற்கிறேன்" என்று தெரிவித்துவிட வேண்டும். இந்த ஒரு வரியை எழுதத் தவறியதால் எத்தனையோ பேர் ஒரு வருட வாடகையை இழக்கிறார்கள்.

ஒரு நாள் தாமதத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அது அப்படியே கைக்கு வந்துவிடாது. 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்ச வரம்பு. அதற்குள் நியாயமானதையே நீதிமன்றம் தரும். 1963இல் பதே சந்த் வழக்கிலும் 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாடகை ரசீதுகளையும், வங்கிக்குக் கட்டிய வட்டிக் கணக்கையும் சேர்த்து வையுங்கள்.

எங்கே போவது

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். பணம் வாங்கும்போதே கட்டித்தரும் எண்ணம் இல்லை என்று காட்ட முடிந்தால்தான் மோசடி வழக்கு நிற்கும். பாதி வீடு கண்ணெதிரே நிற்கும்போது அதைக் காட்டுவது கடினம்.

குடியிருக்க வீடு கட்டுபவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே முதல் இடம். வீடு கட்டித்தருவது சேவைதான் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணம் மிகக் குறைவு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 20 லட்சம் வரை 400 ரூபாய்தான். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கல்யாண மண்டபம், கடை வரிசை போன்ற வணிகக் கட்டடமானால் சிவில் நீதிமன்றம். அங்கே பொதுவாக மூன்று ஆண்டு.

ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. காண்ட்ராக்டரே நடுவரை நியமிப்பார் என்று அச்சடித்த படிவத்தில் இருந்தால், அந்த நிபந்தனையும் நிற்காது. முத்திரைத்தாள் குறைவு என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். பற்றாக்குறையையும் அபராதத்தையும் கட்டினால் ஆவணம் சாட்சியத்தில் ஏறும். அபராதம் பற்றாக்குறையின் பத்து மடங்கு வரை போகக்கூடும் என்பதால், முதலிலேயே சரியான முத்திரைத்தாளில் எழுதுவதுதான் மலிவு.

தரம் பற்றிய புகார் இருந்தால், புதிய வேலை தொடங்கும் முன்பே சோதனையை முடித்துவிடுங்கள். காங்கிரீட் போட்ட நாளில் சோதனைக்கான கியூப் கட்டிகள் எடுக்கவில்லை என்றால், இறுகிய காங்கிரீட்டைத் துளைத்துக் கோர் எனும் உருளைத் துண்டுகள் எடுத்துச் சோதிக்கலாம். ஐஎஸ் 456 கணக்கு இது: கோர்களின் சராசரி வலிமை, அந்தக் கிரேடுக்குரிய கியூப் வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், தனித்தனியே எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்20 காங்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 17, தனிக் கோர் 15 நியூட்டன். சுத்தியல் சோதனை ஒரு குத்துமதிப்பு மட்டுமே தரும். அதை மட்டும் நம்பி ரூஃபை இடிக்கச் சொல்லாதீர்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் அறிக்கை வாங்குங்கள். இடிக்க வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் வக்கீல் ஆணையரையும் பொறியாளரையும் அனுப்பிப் பார்வையிட வைக்கும்படி மனு போடுங்கள். இடித்தபின் கேட்டால், பார்க்க அங்கே எதுவும் இராது.

இதைப் படிக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு சொல். பணம் வராமல்தான் வேலையை நிறுத்தினீர்கள் என்றால், நிறுத்தும் முன்பே அதை எழுத்தில் சொல்லுங்கள். எந்த நிலை முடிந்தது, எந்தத் தவணை வரவில்லை, எந்தத் தேதிக்குள் வராவிட்டால் வேலை நிற்கும் என்று மூன்று வரி போதும். போனை எடுக்காமல் இருந்தால், பாக்கி உங்களுக்கே உரியதாக இருந்தாலும், வேலையைக் கைவிட்டுப் போனவராகவே பதிவாவீர்கள். எக்ஸ்ட்ரா வேலைக்கு அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் விலை போட்டு "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் தேதி பேசாத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரம்பு. தெரிந்தவர் என்று அதைத் தாண்டவிட்டால் வசூலிக்க வழியில்லை.

கடைசியில் பல வழக்குகள் சமரசத்தில்தான் முடிகின்றன, அது நல்லதும்கூட. வழக்கு நிலுவையில் இருக்கும்போது லோக் அதாலத்தில் பேசி முடித்தால், அது தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சமரச ஒப்பந்தத்தில் தொகையும் தேதியும் மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். மனையில் இருக்கும் பொருள் யாருக்கு, முன்பு கொடுத்த வெற்றுக் காசோலைகள் எங்கே, ஏற்கெனவே கட்டிய பகுதியில் ஒழுகலோ விரிசலோ வந்தால் எத்தனை மாதம் வரை யார் பொறுப்பு, கம்பிக் கடைக்கும் கூலி ஆட்களுக்கும் காண்ட்ராக்டர் வைத்திருக்கும் பாக்கிக்காக யாரும் உங்கள் வாசலுக்கு வராமலிருக்க அவர் தரும் உறுதி என்ன என்ற நான்கும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.